பார்த்தானா, முறைத்தானா? சிறையில் நடக்கும் மனப்பயிற்சி பற்றி ஓர் அறிமுகம்

ஜெயிலுக்குப் போய் வந்தவர் திருந்துவாரா என்று பேச்சு வந்தால் நம்மிடம் பதில்கள் தயாராக இருக்கின்றன. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பார் ஒருவர். ‘அடியாத மாடு படியாது’ என்பார் இன்னொருவர். கொஞ்சம் இளகிய மனசுக்காரராக இருந்தால், ‘பக்கத்தில் உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் எந்த மனுஷனும் மாறுவான்’ என்பார்.

முதலாமவருக்கு எல்லாமே வீண். இரண்டாமவர் தண்டனையை நம்புகிறார். மூன்றாமவர் அறிவுரையை நம்புகிறார். கைதிகளுக்கு உளவியல் பயிற்சி என்று செய்தியில் படிக்கும்போது நம்மில் பலர் அதை மூன்றாவது கணக்கில் எழுதிவிடுகிறோம். யாரோ ஒருவர் மைக் பிடித்து நல்லது கெட்டது சொல்கிறார், கைதிகள் வரிசையாக உட்கார்ந்து கேட்கிறார்கள், சிலர் கண் கலங்குகிறார்கள் என்று ஒரு படம் மனதில் ஓடுகிறது. ‘கவுன்சலிங்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்தால் நஷ்டம் உண்டு. அறிவுரைக் கூட்டத்துக்குச் செலவழித்துவிட்டு, ‘உளவியல் பயிற்சி கொடுத்தோம், பலன் இல்லை’ என்று கணக்கை மூடுவது நடக்கிறது. மறுபக்கம், நிஜமான பயிற்சி ஒன்று வந்தால் அது எல்லோரையும் மாற்றிவிடும் என்று எதிர்பார்த்து, பத்துப் பேரில் ஒருவர்தான் கூடுதலாகத் தப்பினார் என்று தெரிந்ததும் அதையும் தூக்கி எறிவது நடக்கிறது. அந்த ஒருவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் கையால் அடிபட்டிருக்க வேண்டிய இன்னொரு மனிதரும் இருக்கிறார். அதனால்தான் இதைப் பொறுமையாக, அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

இலையில் விழும் ஜாங்கிரி

சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு கூடாது என்பது அவருக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார், பெரியம்மா தினமும் சொல்கிறார், பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கால் விரலை எடுத்ததை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அறிவிலும் பயத்திலும் குறைவில்லை.

ஆனால் கல்யாணப் பந்தியில் உட்காருகிறார். பரிமாறுபவர் ஜாங்கிரித் தட்டோடு வரிசையில் வந்துகொண்டிருக்கிறார். இலைக்கு நேரே கை வருகிறது. ‘நம்ம வீட்டுக் கல்யாணம், வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காது’ என்று ஒரு நினைப்பு. ‘ஒண்ணுதானே’ என்று இன்னொன்று. ஜாங்கிரி இலையில் விழுந்துவிட்டது. எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள்.

இவருக்கு இன்னொரு முறை சர்க்கரை நோயின் கேடுகளைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தினால் என்ன பயன்? அவருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு நொடிக்கான தயாரிப்பு. பந்திக்குப் போகும் முன்பே ‘எனக்கு என்ன தோன்றும்’ என்று தெரிந்துவைத்திருப்பது. ‘ஒண்ணுதானே’ என்ற நினைப்பு எட்டிப் பார்க்கும்போதே அதை அடையாளம் காண்பது. கையை இலைமேல் வைத்து, ‘எனக்கு வேண்டாங்க, ஒரு அப்பளம் போடுங்க’ என்று சொல்லப் பழகியிருப்பது. அதையும் வீட்டில் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பது.

குற்றம் செய்து சிறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் திருடுவது தப்பு, அடிப்பது தப்பு என்பது தெரியும். ஆகவே இந்த உளவியல் திட்டங்கள் குறிவைப்பது அறியாமையை விடவும் அந்த நொடியைத்தான்.

பார்த்தான் என்பதும் முறைத்தான் என்பதும்

இனி உள்ளே நடக்கும் இயக்கத்துக்கு வருவோம். இந்தத் திட்டங்களில் மிகப் பலவற்றுக்கு அடித்தளம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர் பயமுறுத்தினாலும் பொருள் எளிது: ஒரு நிகழ்ச்சிக்கும் நம் செயலுக்கும் நடுவில் ஒரு நினைப்பு இருக்கிறது, அந்த நினைப்பைக் கவனிக்கவும் சோதிக்கவும் மாற்றவும் பழகினால் செயலும் மாறும் என்ற கொள்கையில் நடக்கும் பயிற்சி. அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ், ஆரோன் பெக் ஆகியோர் 1950, 60களில் மனச்சோர்வு, பதற்றம் போன்ற தொல்லைகளுக்காக உருவாக்கிய வழிமுறைகளில் இருந்து இது கிளைத்தது.

நம் தெருவிலிருந்தே ஒரு உதாரணம். டீக்கடை வாசலில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் தலையைத் திருப்புகிறான், கண் இன்னொருவன்மேல் படுகிறது. ‘என்னடா முறைக்கிற?’ அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரத்தில் ஒருவன் ஆஸ்பத்திரியில், இன்னொருவன் ஸ்டேஷனில். காலையில் பேப்பரில், ‘முறைத்துப் பார்த்ததில் தகராறு’ என்று ஒரு பத்தி. எத்தனை முறை படித்திருப்போம்!

இதில் நிகழ்ச்சி எது? ‘பார்த்தான்’ என்பது மட்டும்தான். ‘முறைத்தான்’ என்பது பார்க்கப்பட்டவன் தன் மனதுக்குள் போட்டுக்கொண்ட உரை. அந்த உரைக்கும் அடியில் ‘விட்டால் இளிச்சவாயன் என்று நினைப்பான்’ என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கும் அடியில், ‘இந்தத் தெருவில் பயந்தவனுக்கு வாழ்க்கை இல்லை’ என்று ஒரு நம்பிக்கை. நிகழ்ச்சி, நினைப்பு, உணர்ச்சி, செயல் என்று நான்கு கண்ணிகள் கோத்த சங்கிலி. கோபம் மூன்றாவது கண்ணியில்தான் வருகிறது. இரண்டாவது கண்ணி அவன் கண்ணில் படவே இல்லை. அதனால்தான் அவன் விசாரணையில், ‘அவன் முறைச்சான் சார், எனக்குக் கோபம் வந்துச்சு, அடிச்சேன்’ என்று உண்மையாகவே சொல்கிறான்.

பிறர் செய்வதன் பொருள் தெளிவாக இல்லாதபோது அதைப் பகையாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்குப் பகைநோக்கு ஊகம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இது முட்டாள்தனத்தால் வருவதில்லை. அடியும் மிரட்டலும் நிறைந்த சூழலில் வளர்ந்தவனுக்கு அது ஒரு காலத்தில் உயிரைக் காத்த பழக்கம். ஆபத்து உள்ள தெருவில் சரியாக இருந்தது, ஆபத்து இல்லாத பஸ்ஸிலும் அதே வேகத்தில் வேலை செய்வதுதான் சிக்கல்.

ஒரு பந்து, முப்பது நொடி

அந்தப் பயிற்சி நேரில் எப்படி இருக்கும்? சிகாகோ நகரத்துப் பள்ளிகளில், வறுமையும் துப்பாக்கிச் சூடும் மலிந்த பகுதிப் பையன்களுக்கு நடத்தப்படும் ‘பிகமிங் எ மேன்’ என்ற திட்டத்தின் முதல் பாடத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவாக விஷயத்தைக் காட்டும் வகுப்பு வேறில்லை.

பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவனிடம், ‘முப்பது நொடிக்குள் அவன் கையிலிருந்து பந்தை வாங்கு’ என்பார் பயிற்றுநர். மூடிய கையைப் பிரிக்க இவன் விரலை வளைப்பான், அவன் உருளுவான், இவன் மேலே ஏறுவான். நேரம் முடியும்போது சட்டை கசங்கி இருவரும் மூச்சு வாங்குவார்கள். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள, அதே ரகளை மறுபடி.

எல்லாம் அடங்கியபின் பயிற்றுநர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘யாராவது பந்தைக் கொடு என்று கேட்டீர்களா?’

கேட்டிருக்க மாட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்றால், ‘கேட்டால் கொடுத்திருக்கமாட்டான்’, ‘கேட்டால் என்னைக் கோழை என்று நினைத்திருப்பான்’ என்று பதில் வரும். உடனே பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்பி, ‘மரியாதையாகக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று கேட்பார். பெரும்பாலும் வரும் பதில்: ‘கொடுத்திருப்பேன். வெறும் பந்துதானே.’

அந்த இடத்தில் அறை அமைதியாகிவிடும் என்று நினைக்கிறேன். ‘அவன் தரமாட்டான்’ என்பது உண்மை இல்லை, தன் ஊகம் என்பதை ஒவ்வொரு பையனும் தன் உடம்பாலேயே தெரிந்துகொண்ட நிமிடம் அது. யாரும் அவனுக்கு நீதி சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் இதே பாடம் வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும்: நிஜத்தில் நடந்த ஒரு சண்டையை வரிசையாகப் பிரித்துப் பார்ப்பது, அதே காட்சியை நடித்துப் பார்த்து வேறு முடிவு கொடுப்பது, ஆள் மாற்றி எதிராளியாக நடிப்பது.

பையன்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி இத்திட்டத்தைச் சோதித்தார்கள். பயிற்சி நடந்த காலத்தில், பயிற்சியில் சேர்ந்தவர்களிடையே வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் ஏறக்குறைய 45 முதல் 50 விழுக்காடு குறைந்தன. சிகாகோ அடங்கிய மாவட்டத்தின் சிறார் தடுப்புக் காவல் இல்லத்தில் இதே வகைப் பயிற்சியைக் காவலர்களே நடத்தியபோது, வெளியே போன சிறுவர்கள் திரும்ப உள்ளே வருவது 21 விழுக்காடு குறைந்தது. இந்த ஆய்வு 2017இல் வெளியானது.

வயது வந்தோர் சிறைகளில் நடப்பது இதன் நீண்ட வடிவம். கனடாவில் ராபர்ட் ராஸும் எலிசபெத் ஃபாபியானோவும் 1980களில் வடிவமைத்த ‘ரீசனிங் அண்ட் ரீஹபிலிடேஷன்’ பாடத்திட்டம் பல நாடுகளுக்குப் போனது. அதில் இரண்டு மணி நேர வகுப்புகள் முப்பத்தைந்துக்கு மேல். ஆறு முதல் பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். அவசரத்தில் முடிவெடுக்காமல் நிற்பது, பிரச்சினையைப் பிரித்து இரண்டு மூன்று வழிகளாக யோசிப்பது, அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது, பேரம் பேசுவது, மறுப்பது. வாரத்துக்கு வாரம் வீட்டுப்பாடம் உண்டு. சிறை அறைக்குள் நடந்த சின்னச் சண்டைகூட அந்த வீட்டுப்பாடத்துக்கு விஷயமாகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அறிவுரை, தெரியாததைச் சொல்லித் தருகிறது. இந்தத் திட்டங்கள், தெரிந்தும் செய்ய முடியாமல் போகும் நொடியைப் பிடித்து, அதைக் கைப்பழக்கமாக்குகின்றன. கார் ஓட்டக் கற்பதைப் போல. புத்தகம் படித்து யாருக்கும் கிளட்ச் வராது.

‘எதுவும் பயன் தராது’ என்ற தலைப்புச் செய்தி

ஒரு சிறு வரலாறு இங்கே வேண்டும். 1974இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன் ஒரு கட்டுரை எழுதினார். 1945 முதல் 1967 வரை கைதிகளைத் திருத்த நடந்த முயற்சிகள் குறித்த 231 ஆய்வுகளை அவர் குழு அலசியிருந்தது. சில விதிவிலக்குகள் தவிர, மீள்குற்றத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணோம் என்பது அவர் முடிவு. மீள்குற்றம் என்றால், ஒருமுறை தண்டனை பெற்றவர் மீண்டும் குற்றம் செய்வது. இந்தச் சொல் இனி அடிக்கடி வரும்.

அந்தக் கட்டுரை ‘எதுவும் பயன் தராது’ என்ற கோஷமாக மாறியது. கடுமையான தண்டனை வேண்டும் என்றவர்களுக்கு அது வசதி. ‘திருத்துகிறோம்’ என்ற பெயரில் சிறை அதிகாரிகள் செய்த அத்துமீறலை வெறுத்தவர்களுக்கும் அது வசதி. மார்ட்டின்சனே 1979இல், தான் சொன்னது மிகை, சில திட்டங்கள் சில சூழல்களில் பயன் தருகின்றன என்று எழுதினார். திருத்தத்தை யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை.

அதே ஆண்டுகளில் கனடாவில் பால் ஜென்ட்ரோ, ராபர்ட் ராஸ், டான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் பான்டா போன்ற உளவியலாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். திருத்தம் பலிக்குமா பலிக்காதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பலித்த இடங்களில் எது பொதுவாக இருந்தது என்று தேடினார்கள். அதிலிருந்து 1990இல் உருவான மூன்று விதிகள்தான் இன்று பல நாடுகளின் சிறைத்துறைகளுக்கு வழிகாட்டி.

முதல் விதி, யாருக்கு என்பது பற்றி. ஜலதோஷத்துக்கு ஐ.சி.யூ.வில் சேர்ப்பதில்லை. மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கே தீவிரமான பயிற்சி தரவேண்டும். இது நம் இயல்பான நினைப்புக்கு நேர் எதிர். ‘திருந்தக்கூடிய பையன்’ என்று தோன்றுபவனைத்தானே முதலில் தேர்ந்தெடுப்போம்! ஆனால் அப்படிச் செய்வது பயனற்றது மட்டுமில்லை, கெடுதலும்கூட. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆட்களைத் தங்கவைக்கும் இடைநிலை விடுதிகளில் நடந்த ஆய்வில், அபாயம் குறைந்தவர்களைத் தீவிரத் திட்டத்தில் சேர்த்தபோது அவர்களிடையே மீள்குற்றம் கூடியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவரை அங்கிருந்து பிடுங்கி, தேர்ந்த குற்றவாளிகளோடு பல மாதம் உட்காரவைத்தால், அவரைத் தாங்கியிருந்த தூண்கள் சரிகின்றன; புதுச் சிநேகிதம் வேறு கிடைக்கிறது.

இரண்டாம் விதி, எதை மாற்றுவது என்பது பற்றி. ஒரு கைதியின் வாழ்க்கையில் நூறு கஷ்டங்கள் இருக்கும். அவற்றில் குற்றத்தோடு நேரடியாகப் பிணைந்தவற்றைக் குறிவைக்கவேண்டும்: குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணங்கள், கூடாத சகவாசம், அவசர புத்தி, போதை, குடும்ப உறவில் முறிவு, படிப்பும் வேலையும் இல்லாமை, வெட்டியாகக் கழியும் பொழுது. இதில் பலருக்கு வியப்பான ஒரு விஷயம், தன்னம்பிக்கைக் குறைவு இந்தப் பட்டியலில் இல்லை. எண்ணங்களை அப்படியே விட்டுவிட்டுத் தன்னம்பிக்கையை மட்டும் கூட்டினால், தன்னம்பிக்கை கூடிய திருடர்தான் கிடைப்பார் என்று இத்துறையில் எச்சரிப்பார்கள்.

மூன்றாம் விதி, எப்படி என்பது பற்றி. எழுதப் படிக்கத் தடுமாறுபவரிடம் பத்துப் பக்கத் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லக் கூடாது. கூச்ச சுபாவமுள்ளவரை முதல் நாளே நடுவில் நிறுத்தி நடிக்கச் சொல்லக் கூடாது. கற்பவரின் மொழி, வேகம், மனநிலை ஆகியவற்றுக்கு ஏற்பப் பாடம் வளையவேண்டும்.

நல்லெண்ணத்தால் விளைந்த கெடுதல்

எல்லாரும் தவறவிடும் பகுதி இது என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒரு திட்டம் நல்ல எண்ணத்தோடு தொடங்கப்பட்டதா என்பதும் அது பயன் தந்ததா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ராவே சிறையின் ஆயுள் கைதிகள் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். வழி தவறும் சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிவந்து, முகத்துக்கு நேரே கத்தி, சிறை வாழ்வின் கோரத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். தங்கள் கதி இந்தப் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்ற உண்மையான அக்கறை அவர்களிடம் இருந்தது. 1978இல் அதைப் பற்றி வந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பிறகு குலுக்கல் முறை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குக் கூட்டிப்போகப்பட்ட சிறுவர்கள், போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் விரலை எடுத்ததை நம் பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தது நினைவிருக்கிறதா? பயம் அந்த நொடிக்கு எந்தத் தயாரிப்பும் தருவதில்லை.

இன்னொன்று, உளவியலாளர்களே அடக்கத்தோடு நினைவில் வைத்திருக்கவேண்டியது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்று 1990களின் தொடக்கத்திலிருந்து நடந்துவந்தது. குழுவாக உட்கார்ந்து, தாங்கள் செய்த குற்றத்தை விவரித்து, பொறுப்பேற்கப் பழகும் முறை. 2017இல் அரசின் நீதி அமைச்சகம் தன் ஆய்வை வெளியிட்டது. திட்டத்தில் சேர்ந்த 2,562 பேரை, சேராத, ஆனால் மற்ற விவரங்களில் ஒத்த 13,219 பேரோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக 8.2 ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள், சேராதவர்களில் 8 விழுக்காடு; சேர்ந்தவர்களில் 10 விழுக்காடு. பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. குழுவில் குற்றத்தைத் திரும்பத் திரும்பப் பேசியது அதைச் சகஜமாக்கியிருக்கலாம் என்பது சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, நடந்ததைக் கிளறுவதைவிட இனி வாழப்போகும் வாழ்க்கைக்கான திறன்களை முன்வைக்கும் புதுத் திட்டங்கள் வந்தன.

இந்த முடிவை ஓர் அரசே அளந்து, தானே வெளியிட்டது என்பதை நான் மதிக்கிறேன். அளக்காமல் விட்டிருந்தால் அது இன்றும் நடந்துகொண்டிருக்கும்.

எண்களைப் படிக்கும் விதம்

‘எங்கள் பயிற்சியை முடித்த கைதிகளில் 90 விழுக்காட்டினர் மீண்டும் சிறைக்கு வரவில்லை’ என்று ஒரு விளம்பரம் வந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? நீட் கோச்சிங் சென்டர் போர்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நல்ல மார்க் வாங்குபவர்களையே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் ஜெயித்ததும் புகைப்படம் போடுவதில் என்ன தெரிகிறது? சிறையிலும் அப்படித்தான். விருப்பத்தோடு வந்து கடைசி வகுப்பு வரை உட்கார்ந்தவர், பயிற்சியே இல்லாவிட்டாலும் திரும்ப வராதவராக இருந்திருக்கலாம்.

அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும், அதாவது எல்லா வகையிலும் ஒத்திருந்து, பயிற்சி மட்டும் பெறாத ஆட்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால் இன்னும் நம்பகம். பாதியில் நின்றவர்களையும் பயிற்சி பெற்றவர் கணக்கிலேயே வைக்கவேண்டும். மீள்குற்றம் என்று எதை எண்ணினார்கள் என்பதும் முக்கியம்: மீண்டும் கைதா, மீண்டும் தண்டனையா, மீண்டும் சிறையா? ஓர் ஆண்டிலா, ஐந்து ஆண்டிலா? இவை மாறினால் எண்ணும் தலைகீழாக மாறும். அதனால் இரண்டு நாடுகளின் மீள்குற்ற விழுக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பெருமையோ வருத்தமோ படுவதில் அர்த்தமில்லை.

இப்போது அசல் எண். அமெரிக்க ஆய்வாளர் மார்க் லிப்ஸி குழு 2007இல், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பற்றிய 58 ஆய்வுகளைத் தொகுத்தது. பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் மீண்டும் குற்றம் செய்தார்கள் என்றால், பெற்றவர்களில் சராசரியாக 30 பேர். அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, நல்ல தரத்தில் நடத்தப்பட்டபோது பலன் இன்னும் கூடுதல்.

ஆனால் 2021இல், சிறைக்குள் நடந்த திட்டங்களை மட்டும் எடுத்து, 29 குலுக்கல் முறை ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 9,443 பேரையும் வைத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சீனா ஃபாஸல் என்ற ஆய்வாளரின் குழு செய்த தொகுப்பு இன்னும் எச்சரிக்கையான படத்தைத் தருகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் பலன் தெரிகிறது. சின்னச் சின்ன ஆய்வுகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியவில்லை. சிறு ஆய்வுகளில் பலன் ஊதிப் பெரிதாவது வழக்கம்: பலன் இல்லாதவை அச்சேறாமலே போகின்றன, அச்சேறியவற்றில் பலவும் திட்டத்தைக் கண்டுபிடித்தவரே முன்னின்று ஆர்வத்தோடு நடத்தியவை.

அந்த ஆர்வம் சாதாரண விஷயமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் இளம் குற்றவாளிகளுக்கான திட்டங்களை 2004இல் அளந்தபோது, அதே பாடம், அதே புத்தகம். திறமையான பயிற்றுநர்களிடம் மீள்குற்றம் குறைந்தது, அரைகுறையாக நடத்தியவர்களிடம் கூடவும் செய்தது. அம்மாவின் சமையல் குறிப்பை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு போனாலும் குழம்பு அதே ருசியில் வருவதில்லையே.

ஆக, சுருக்கம் இது: பலன் உண்டு, ஆனால் அளவானது. சரியான ஆளுக்கு, சரியான விஷயத்தில், பயிற்சி பெற்ற கைகளால் நடந்தால்தான் உண்டு. நல்லெண்ணம் மட்டும் போதாது, சில வேளை கெடுக்கவும் செய்யும்.

வாசலுக்கு வெளியே

சிறைத் திட்டங்களின் பலன் ஏன் கரைகிறது? வகுப்பில் பழகிய புதுப் பழக்கத்தோடு வெளியே வருபவர், அதே தெரு, அதே சிநேகிதர்கள், அதே கடன், அதே வெறும் கையோடு வாழத் தொடங்குகிறார். ஃபாஸல் குழுவின் தொகுப்பில், கைதிகள் மாதக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்து தங்களையே பரஸ்பரம் திருத்திக்கொள்ளும் சிகிச்சைச் சமூகங்கள் ஓரளவு நல்ல பலன் தந்திருந்தன. அவற்றில் சிலவற்றில் பயிற்சி விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில், நீண்ட உள்நாட்டுப் போரைக் கடந்த லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் நடந்த சோதனை ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். திருட்டு, போதை வியாபாரம், அடிதடி என்று தெருவில் வாழ்ந்த 999 ஆண்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வார மனப்பயிற்சி. ஒரு பிரிவுக்கு 200 டாலர் ரொக்கம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. பணம் மட்டும் வாங்கியவர்களின் குற்றங்களில் நிலையான மாற்றமில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் தெரிந்த மாற்றம் ஓர் ஆண்டில் மங்கத் தொடங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம் நின்றது. பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்டபோதும் அவர்களிடையே குற்றச் செயல்கள் சுமார் பாதியாகவே இருந்தன. அந்தப் பணம் அவர்களைப் பணக்காரர் ஆக்கிவிடவில்லை. சில மாதங்களில் தீர்ந்துபோனது. ஆனால் சுத்தமான சட்டை, சின்ன வியாபாரம், ஒழுங்கான தங்குமிடம் என்று ‘நான் இப்போது வேறு ஆள்’ என்பதை நடந்து பழக அது கொஞ்சம் காலம் வாங்கிக் கொடுத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சிறைக்கே போகாமல் வெளியில் கண்காணிப்பில் இருப்பவர்கள் கதை இன்னொன்று. தண்டனையை நிறுத்திவைத்து, நிபந்தனைகளோடு வீட்டுக்கு அனுப்பி, ஓர் அலுவலரின் பார்வையில் வைப்பதுதான் நன்னடத்தைக் கண்காணிப்பு. 1841இல் பாஸ்டன் நகரக் கோர்ட்டில், ஒரு குடிகாரரைச் சிறைக்கு அனுப்பவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜாமீன் நின்ற ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளியிடமிருந்து இது தொடங்கியது. இந்தியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்கிறது; மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பத்திரத்தில் விடலாம். தமிழ்நாட்டில் அந்த அலுவலருக்கு நன்னடத்தை அலுவலர் என்று பெயர்.

அந்த அலுவலருக்கும் அவர் பார்வையில் இருப்பவருக்கும் நடக்கும் பேச்சைக் கனடாவில் ஜேம்ஸ் பான்டா குழு ஒலிப்பதிவு செய்து கேட்டது. நிபந்தனைகளைச் சரிபார்ப்பதிலேயே நிறைய நேரம் போவது தெரிந்தது. குற்றத்துக்குக் காரணமான எண்ணங்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. பிறகு குலுக்கல் முறையில் சில அலுவலர்களைத் தேர்ந்தெடுத்து, நிகழ்ச்சி, நினைப்பு, உணர்ச்சி, செயல் என்று முன்பு பார்த்த சங்கிலியைத் தங்களிடம் வருபவர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகும் மாதந்தோறும் கூடிப் பேசினார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் வழக்கமான அலுவலர்களிடம் வந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் மீண்டும் தண்டனை பெற்றார்கள். பயிற்சி பெற்ற அலுவலர்களிடம் வந்தவர்களில் சுமார் 25.

அதே அறை, அதே மேசை, அதே அரை மணி நேரம். முன்பு, ‘வேலைக்குப் போறீங்களா? ஊரை விட்டுப் போகலையே? சரி, கையெழுத்துப் போடுங்க’ என்ற மாதிரிப் பேச்சு. இப்போது, வந்தவர் தயங்கித் தயங்கி, போன வாரம் பழைய சிநேகிதன் பைக்கில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்ததைச் சொல்ல, அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்: ‘அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் உங்களுக்கு முதல்ல என்ன தோணுச்சு?’